தேசாங்காவுக்குத் தெரியாம வாங்கின துப்பாக்கி

எங்க வீட்டுல எல்லா முடிவையும் எடுக்கிறது நான்தான். என்ன முடிவுன்னு சொல்றது மட்டும் என் பொண்டாட்டி தேசாங்கா.

இந்த வருஷம் நானே சொந்தமா ஒண்ணு எடுத்தேன். செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வாங்குறது. அவளுக்குத் தெரியாம.

என்கிட்ட இருக்கிறது பழைய இரட்டைக் குழல். ரெண்டு வெடி வெடிச்சதும் அத மடக்கித் திறந்து, காலித் தோட்டாவப் புடுங்கி, புதுசச் சொருகி, மூடி நிமிர்றதுக்குள்ள முயல் வீடு போய்ச் சேந்து, பொண்டாட்டிகிட்ட என் கதையச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருக்கும். செமி ஆட்டோமேட்டிக் அப்படி இல்ல. விசைய அமுக்கினா வெடிக்கும். காலித் தோட்டாவ தானே துப்பும். அடுத்தத தானே ஏத்திக்கும். சொல்லாமலே வேலை செய்யுற பொருள் ஒண்ணு வீட்டுல இருந்தா நல்லாருக்குமேன்னு எனக்கு ஆசை. தேசாங்காவுக்கும் அதே ஆசைதான், என்னைய நெனச்சு.

பக்கத்து வீட்டு ரதிவோய் போன வருஷமே வாங்கிட்டான். ஞாயித்துக்கிழமை வேட்டைக்குப் போனா அவன் வாய் சும்மா இருக்காது.

"மிலுதின், இன்னும் அந்த உலக்கையத்தான் தூக்கிக்கிட்டு அலையுறியா? முயலுங்க உன்னப் பாத்தா ஓடுறதில்லடா. நின்னு வணக்கம் சொல்லிட்டுப் போகுதுங்க."

தேசாங்காகிட்ட ஒரு தடவ கேட்டும் பாத்தேன்.

"ஒரு துப்பாக்கி வெச்சு ஒண்ணுமே கொண்டு வராதவன், ரெண்டு துப்பாக்கி வெச்சு என்ன கொண்டு வருவ? ரெண்டு ஒண்ணுமில்லையா?"

"இது தானியங்கி, தேசா."

"நீயும்தான் தானியங்கி. சோறுன்னா தானா வர்ற. வாங்கிட்டு மட்டும் வந்த, அன்னைக்கே கடையில திருப்பிக் குடுத்துட்டு வரணும். ஊரே பாக்கும்."

ஊரே பாக்கும்னா ரதிவோய் பாப்பான்னு அர்த்தம். அதுக்கு நான் முயலாவே பொறந்திருக்கலாம்.

எங்க நாட்டுல துப்பாக்கி வாங்குறதுல ஒரு தொல்லை உண்டு. அனுமதி குடுக்கிறதுக்கு முன்னாடி போலீஸ்காரர் வீடு தேடி வருவாரு. குடிப்பானா, கத்துவானா, கை நீட்டுவானான்னு பொண்டாட்டிகிட்டயும் பக்கத்து வீட்டுலயும் விசாரிப்பாரு. அவர் வர்ற நாளப் பாத்து தேசாங்காவ அவ அக்கா வீட்டுக்கு அனுப்பி வெச்சேன். "பாவம், அக்காவப் பாத்து எத்தன நாளாச்சு"ன்னு நானே பஸ் ஏத்திவிட்டேன். அவளும் போனா. ஒரு மாதிரியா பாத்துக்கிட்டே போனா.

போலீஸ்காரர் வேலிக்கு மேல ரதிவோயக் கேட்டாரு. "குடிப்பாரா?"

"யாராச்சும் வாங்கிக் குடுத்தா குடிப்பான்."

"பொண்டாட்டிய அடிப்பாரா?"

ரதிவோய் சிரிச்ச சிரிப்புல அவன் நாய் பயந்து குலைக்க ஆரம்பிச்சிருச்சு. போலீஸ்காரர் அதையே பதிலா எடுத்துக்கிட்டாரு. "வீட்டம்மா எங்க?"

"ஊர்ல இல்லீங்க. ஆனா முழு சம்மதம்னு சொல்லச் சொன்னா."

"சரி, நான் பாத்துக்கிறேன்"னுட்டுக் கெளம்பிட்டாரு. கொஞ்ச நாள்ல அனுமதி வந்துருச்சு. போலீஸையே ஏமாத்தின புத்திடா இதுன்னு என் தலைய நானே தடவிக் குடுத்தேன்.

டவுன்ல துப்பாக்கிக் கடை வெச்சிருக்கிறவன் கவ்ரிலோ. எங்க கல்யாணத் தோழன். எங்க ஊர்ல கல்யாணத் தோழன்னா கூடப் பொறந்தவனுக்கும் மேல. தலையே போனாலும் காட்டிக் குடுக்க மாட்டான்.

உள்ள போனதும் ஒரே ஒரு துப்பாக்கிய எடுத்து நீட்டினான். "இதான் உனக்கு."

தோள்ல வெச்சுப் பாத்தேன். கட்டைவிரல் வந்து மூக்குல இடிச்சுது. "தோள்ல முட்டுற பின்கட்டை குட்டையா இருக்கே கவ்ரிலோ?"

"குளிர்ல கம்பளிச் சட்டை மேல கோட்டு போடுவல்ல? அதுக்குத்தான் குட்டை."

"வேற காட்டேன்."

"வேற எதுவும் உனக்கு ஒத்து வராது."

"தேசாங்காவுக்குத் தெரியக் கூடாது."

"உன் கல்யாணத்துல நின்னவன்டா நான்"னு நெஞ்சுல கை வெச்சான். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

பழைய உறையில போட்டுக் கொண்டு வந்தேன். அன்னைக்குப் பாத்து தேசாங்கா வாசல்லயே உக்காந்து முட்டைக்கோஸ் அறுத்துக்கிட்டிருக்கா, குளிர்காலத்துக்குப் பீப்பாயில ஊறப்போட.

"என்னய்யா அது?"

"நம்ம துப்பாக்கிதான். ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன்."

"எங்க, காட்டு."

காட்டினேன். கத்தியக் கீழ வெச்சா.

"இதுல ரெண்டு குழல் இருக்குமே?"

"ஒண்ணு சொத்தையாயிருச்சு. எடுத்துட்டாங்க."

"பல்லப் புடுங்குற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"வலிச்சிருக்குமே. ராத்திரிக்குக் கஞ்சி ஊத்தலாமா அதுக்கு?"

"கிண்டல் பண்ணாத தேசா."

"விசையும் ரெண்டு இருக்குமே?"

"ஒத்தக் குழலுக்கு எதுக்கு ரெண்டு விசை?"

"அதுவும் சரிதான். ஆமா, அப்ப இரும்பு அலமாரியில நிக்கிறது யாரு?"

பழசக் கண்ணுல படாம எடுத்து வைக்க மறந்துட்டேன். என்ன மாதிரி ஆளுங்க இங்கதான் சறுக்குறது. "அது ரதிவோயோடது. எடமில்லன்னு நம்ம வீட்டுல வெச்சிருக்கான்."

"நீ சிகரெட்டால சுட்ட தழும்பு அதுல இருக்கே."

"அவனும்தான் சிகரெட் குடிக்கிறான்."

தேசாங்கா ஒரு முட்டைக்கோஸ எடுத்து ரெண்டாப் பொளந்தா. "சரி"ன்னா. அவ்வளவுதான். இருவத்தெட்டு வருஷக் குடித்தனத்துல அவ "சரி"ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. தப்பிச்சிட்டேன்னு நெனச்சேன். இல்ல, அவளுக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன்.

மறுநாள் காலையில வேட்டைச் சங்கத்து மைதானத்துல வெள்ளோட்டம். வீசுற மண் தட்ட ஆகாசத்துலயே ஒடைக்கணும். கெளம்புறதுக்கு முன்னாடி துப்பாக்கி வழுக்கிக்கிட்டு ஓடணுமேன்னு உள்ள வெளிய எல்லா எடத்துலயும் பன்னிக்கொழுப்பத் தடவினேன். வீட்டுல துப்பாக்கி எண்ணெய் தீந்து போயிருந்துச்சு. எங்க சமவெளியில கொழுப்பத் தடவாத பொருளே கெடையாது. ரொட்டியில தடவுவோம், இருமினா நெஞ்சுல தடவுவோம், கதவு கத்தினா கீல்ல தடவுவோம்.

மைதானத்துல புல்லெல்லாம் உறைபனி. ரதிவோய் கூட்டமே சேத்து வெச்சிருந்தான்.

முதல் தட்டு பறந்துச்சு. சுட்டேன். தட்டு பத்திரமா எறங்கிப் புல்லுல உக்காந்துச்சு. என் மூக்குல கட்டைவிரல் இடிச்சு ரத்தம். ரெண்டாவது தட்டு. விசைய அமுக்கினேன். ஒண்ணுமில்ல. குளிர்ல கொழுப்பு உறைஞ்சு, காலித் தோட்டா பாதி வெளிய, பாதி உள்ள. நாக்கத் தொங்கப் போட்ட மாதிரி நிக்குது.

"மிலுதின், அது உன்னப் பாத்து நாக்கத் துருத்துதுடா"ன்னான் ரதிவோய்.

அப்பத்தான் பின்னாடி சைக்கிள் மணிச் சத்தம். தேசாங்கா.

"குடு இப்படி."

குடுத்தேன். பழக்கம்.

காலித் தோட்டாவ நெம்பி எடுத்தா. உள்ள வேற தோட்டா இல்லாமப் பண்ணிட்டு, வெரல விட்டு மோந்தா. "என் கொழுப்பு ஜாடியில பாதியக் காணோமேன்னு பாத்தேன். துப்பாக்கியில வறுவல் போடப் போறியா?" மேசை மேலயே பிரிச்சு, இடுப்புல கட்டியிருந்த சமையல் துணியால தொடச்சு, மாட்டிட்டா. மூணு தோட்டா போட்டா. "வீசுங்க"ன்னா.

மூணு தட்டு. மூணும் பொடி. துப்பாக்கி அவ தோள்ல அப்படியே பொருந்தி உக்காந்திருக்கு. விரலுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு பூன படுத்துத் தூங்கலாம்.

ஒண்ணு சொல்லணும். தேசாங்காவோட அப்பா காட்டுக் காவலரு. அவளும் கல்யாணத்துக்கு முன்னாடியே வேட்டைக்காரங்க பரிச்சை பாஸ் பண்ணினவ. என் பழைய துப்பாக்கி அவ கைக்கு நீளம். அவளுக்குன்னு ஒண்ணு கேட்டப்ப, "ஒரு வீட்டுக்கு ஒரு துப்பாக்கி போதும்"னு சொன்னது நான்தான்.

"தேசா, இது உனக்கு எப்படி இவ்வளவு கச்சிதமா..."

"கவ்ரிலோ என் கைய அளந்துதானே வரவழைச்சான்."

"கவ்ரிலோவா?"

"நான் அக்கா வீட்டுலேருந்து திரும்பின மறுநாளே போலீஸ்காரர் வந்தாரு. 'பொண்டாட்டி வாய்மொழி இல்லாம குடுக்க முடியாது, உங்க வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி குடுக்கலாமா'ன்னாரு. 'தாராளமா குடுங்க, நான் தும்மினாலே மேசைக்கடியில போயிருவாரு'ன்னேன். நேரா கடைக்குப் போனேன். 'இவன் வருவான், என் தோளுக்குச் சேர்றதக் குடு'ன்னேன். கல்யாணத் தோழன்னா பொண்ணுக்கும் தோழன்தானே?"

"அப்ப நேத்து சொத்தைப் பல்லு, கஞ்சின்னு கேட்டதெல்லாம்?"

"நீ எவ்வளவு தூரம் போவேன்னு பாத்தேன். கொஞ்சம் முட்டைக்கோஸும் அறுக்க வேண்டியிருந்துச்சு, பேச்சுத் துணைக்கு ஆளில்ல."

"கடையில திருப்பிக் குடுக்கணுமா இப்ப?"

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் வேட்டைக்குப் போனோம். புதுசு அவ தோள்ல, உலக்கை என் தோள்ல. ரதிவோய் அவளப் பாத்து வாயே தொறக்கல. முதல் வயல்லயே முயல் எந்திரிச்சுச்சு. அவ சுட்டா, விழுந்துச்சு.

எங்க சங்கத்துல ஒரு வழக்கம். புதுத் துப்பாக்கியில முதல் முயல் விழுந்தா, துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் முயலுக்கு மேல குனிஞ்சு நிக்கணும். பின்பக்கம் பச்சக் குச்சியால மூணு அடி. அதுதான் துப்பாக்கிக்கு ஞானஸ்நானம்.

வேட்டைத் தலைவர் குச்சிய ஒடிச்சுக்கிட்டே கேட்டாரு. "துப்பாக்கி யாரு பேர்ல இருக்கு?"

தேசாங்கா தலையக் குனிஞ்சுக்கிட்டா. கல்யாணத்தன்னைக்குக்கூட அவ்வளவு அடக்கமா நின்னதில்ல. "எங்க வீட்டுக்காரர் பேர்லதாங்க. அவரு பொருள என்னுதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப அடிக்கிறது யாரு?"ன்னாரு தலைவர்.

"சுட்டவங்க"ன்னு மொத்தக் கூட்டமும் ஒரே குரல்ல சொல்லுச்சு.

குனிஞ்சேன். மூணையும் வாங்கிட்டு மெதுவா நிமிர்ந்தப்ப, ரதிவோயிலேருந்து ஆரம்பிச்சு எல்லாரும் வரிசையா வந்து என் கையக் குலுக்கி வாழ்த்துச் சொன்னாங்க, புதுத் துப்பாக்கி வாங்கினதுக்கு.