மாமாவின் மணிக்கூட்டில் நான் அழித்த கோடுகள்

பெண் வீட்டில் குடியிருக்கும் மருமகன் அந்த வீட்டுப் பொருள் எதையும் கேட்காமல் திருத்தக்கூடாது. கூரை ஒழுகினால் சட்டி வைக்கலாம். கதவு கிறீச்சிட்டால் காதைப் பொத்திக்கொள்ளலாம். திருத்தினால் தொலைந்தீர்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு; நான் தொலைந்தவன். ஆனால் நான் செய்தது பிழை என்று மட்டும் என் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியாது. என் மனைவி வதனி ஆறு வருடமாக முயன்று பார்க்கிறாள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். மட்டக்களப்பு டவுனில் பிறந்த நான் அப்படித்தான் வெல்லாவெளிக்குப் போனேன். வேலை களுவாஞ்சிக்குடியில் ஓர் அலுவலகத்தில். தினமும் பாதையில் வாவியைக் கடப்பேன் (பாதை என்றால் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிப்போகும் மிதவை, எங்கள் ஊரில் அதற்கு அதுதான் பெயர்). வதனியின் அப்பாவுக்கு, அதாவது மாமாவுக்கு, ரெண்டு ஏக்கர் வயல். எனக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே மூன்று வருடத்தில் மாமா என்னிடம் கதைத்தது இவ்வளவுதான்: "வாங்க", "திண்டீங்களா", "மழை வரும் போல இரிக்கி". அவர் வாயால் ஒரே ஒரு தடவை "நல்லாச் செஞ்சிரிக்கீங்க மருமகன்" என்று கேட்டுவிட வேண்டும் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஏக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மாமாவிடம் ஒரு மணிக்கூடு இருந்தது. எண்பதுகளில் அவர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் பெயின்ட் அடித்த காலத்தில், கடலுக்குள் இறங்கி வேலை செய்யும் சிநேகிதர் ஒருவர் கொடுத்தது. பற்றரியில் ஓடும் ஜப்பான் மணிக்கூடு. இருநூறு மீற்றர் ஆழம் தாங்கும் என்று முகத்தில் எழுதியிருக்கும். மாமாவின் கையில் அது கண்ட அதிகபட்ச ஆழம் முழங்கால் அளவு வயல் தண்ணீர்.

ஒரு சித்திரை மாதம் அது நின்றுவிட்டது. மாமா அதைக் கழற்றி என் கையில் தந்தார்.

"பற்றரி மட்டும் போட்டுட்டு வாங்க மருமகன். ஞாயித்துக்கிழமை தண்ணி முறை தொடங்குது."

மட்டும் என்ற சொல்லை அவர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்கும் காது நன்றாகத்தான் கேட்டது.

அன்றிரவே கைபேசியில் தேட ஆரம்பித்தேன். பழைய மணிக்கூடுகளுக்காக உலகம் முழுவதும் ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கட்சி சொல்கிறது: கை வைக்காதே, ஒவ்வொரு கீறலும் அதன் சரித்திரம். மற்றக் கட்சி சொல்கிறது: சரித்திரமாவது மண்ணாங்கட்டியாவது, பொலிஷ் பண்ணு. மூன்று நாள் நான் கட்சி மாறிக்கொண்டே இருந்தேன். திங்கள் காலை கை வைப்பதில்லை என்று தீர்மானித்தேன். செவ்வாய் பாதையில் பக்கத்தில் நின்றவரின் பளபளக்கும் மணிக்கூட்டைப் பார்த்ததும் மனம் மாறியது. தீர்மானம் எதுவானாலும் முதலில் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்திரண்டு படம் எடுத்தேன். கண்ணாடி மங்கல். அதைச் சுற்றித் திருகுகிற வளையத்தில் இலக்கங்கள் தேய்ந்து, ஆங்காங்கே கத்தி பட்டது போலக் கீறல். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அப்பா பற்றரி எண்டுதானே சொன்னவரு?" என்றாள் வதனி.

"உங்கட அப்பாக்கு இதுட பெறுமதி விளங்காது புள்ள."

(இந்த வசனத்தை அவள் இன்றும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.)

புதன்கிழமை காத்தான்குடியில் மணிக்கூடு திருத்தும் ஒரு நானாவிடம் போனேன் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்). புதுக் கண்ணாடி, புது வளையம், உடம்பு முழுக்கப் பொலிஷ் என்று கல்யாண விருந்துக்கு ஓடர் கொடுப்பது போலக் கொடுத்தேன்.

"செய்யேலும் தம்பி. மணிக்கூட்டுக்காரர்ட்டக் கேட்டீங்களா?"

"அவருக்கு இது ஒரு சந்தோஷமா இருக்கட்டும் நானா."

"இந்தப் பழைய வளையம் வேணுமா?"

"அந்தக் குப்பைய எறிஞ்சிடுங்க."

ஞாயிறு காலை முதல் தடவையாக நானும் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போனேன், பாராட்டை நேரில் வாங்க. வாய்க்கால் மடையடியில், அதில் தண்ணீர் எடுக்கும் ஐந்து வயல்காரர்களும் நின்றார்கள், மாமா உட்பட. தண்ணீருக்குப் பொறுப்பான வட்டை விதானையும் அந்த ஐவரில் ஒருவர். அத்தனை பேர் முன்னிலையிலும் மணிக்கூட்டை எடுத்து நீட்டினேன். வெயில் பட்டு அது மின்னியது. நானும் மின்னினேன்.

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆருட மணிக்கூடு?"

"உங்கடதான் மாமா!"

"கோடு எங்க?"

விதானை எடுத்துச் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த வளையத்தில் இருந்தவை கீறல்கள் அல்ல. இருபது வருடத்துக்கு முன்னர் மாமா கத்தி நுனியால் போட்ட ஐந்து கோடுகள், வயலுக்கு ஒன்று. ஒவ்வொரு வயலுக்கும் மடையைத் திறந்ததும் வளையத்தைப் புதிதாகத் திருகி அதன் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைப்பார். முள் உங்கள் கோட்டுக்கு வந்தால் உங்கள் தண்ணீர் முடிந்தது. நிமிடக் கணக்கு யாருக்கும் தெரியாது, தேவைப்பட்டதும் இல்லை. கோடுதான் சட்டம். மாமாதான் அந்தச் சட்டத்தைக் கையில் கட்டியவர். அந்த மரியாதையைத்தான் நான் பொலிஷ் பண்ணிக் கொண்டுவந்திருந்தேன்.

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு வாய்க்காலுக்குள் இறங்கி அப்படியே ஓடிவிடலாம் போலிருந்தது. பிறகு அந்த நாற்பத்திரண்டு படங்கள் ஞாபகம் வந்தன.

"நில்லுங்க! என்னட்டப் படம் இருக்கு!"

கைபேசியில் வளையத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கோடுகள் துல்லியமாகத் தெரிந்தன. மாமாவுக்கு மூச்சு வந்தது. "இது விதானைட. இது வேலுட. இது சின்னராசாட. இது கனகுட" என்று விரலால் தொட்டுக் காட்டினார். நான் மணிக்கூட்டு முகத்திலிருந்த நிமிடப் புள்ளிகளை வைத்து எண்ணி, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல உரக்கச் சொன்னேன்.

"கனகண்ணனுக்கு நாப்பது நிமிசம்!"

"சரி, போதும். மடையத் திறங்க" என்றார் மாமா.

அங்கே நிறுத்தியிருக்கலாம். மூளை உள்ள எவனும் நிறுத்தியிருப்பான்.

"இன்னொரு கோடு கிடக்கு மாமா! கனகண்ணன்ட கோட்டுக்குக் கிட்ட. இது உங்கடதானே? நாப்பத்தாறு!"

பக்கத்து வயல்காரரான கனகண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். அவருக்கும் ரெண்டு ஏக்கர்தான்.

"எனக்கும் ரெண்டு ஏக்கர், உங்களுக்கும் ரெண்டு ஏக்கர். அந்த ஆறு நிமிசம் என்னத்துக்கு அண்ணே?"

மாமா அசரவில்லை. "என்ட வயல் மேடு" என்றார்.

"மேடா? மழ பெஞ்சா என்ட வயல் தண்ணி உங்கட வயலுக்குத்தானே ஓடுது!"

விதானை சிரிப்பை அடக்கத் தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்தினார். மற்றவர்கள் அடக்கவே இல்லை. கடைசியில் விதானையே தீர்ப்புச் சொன்னார்: ரெண்டு பேருக்கும் நாற்பது நிமிடம். புதுக் கோடுகளை மருமகன் கீறட்டும். மணிக்கூடும் இனி அவர் கையில் இருக்கட்டும், ஏனென்றால் "அந்த ஆளுக்கு மறைக்கத் தெரியா." மூன்று நாள் யோசித்து, நாற்பத்திரண்டு படம் எடுத்துப் புதுப்பித்த வளையத்தில், எல்லோரும் பார்த்திருக்க நானே கத்தியால் கோடு போட்டேன். நெஞ்சு எரிந்தது.

அன்றிலிருந்து அறுவடை வரை மாமா என்னிடம் மழையைப் பற்றிக்கூடக் கதைக்கவில்லை. மூன்று வருடமாக வாங்க நினைத்த பாராட்டு இனி ஆயுளுக்கும் இல்லை என்று முடிவு கட்டினேன். உண்மையில் அழுகை வந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? நான் கை வைக்காமல் விட்டிருந்தால் கனகண்ணனின் வயல் இன்றும் ஆறு நிமிடம் தாகத்தோடு கிடந்திருக்கும். அந்த மணிக்கூட்டில் இன்று மறுபடி கண்ணாடி மங்கிவிட்டது, வளையம் வெளிறிவிட்டது. "இன்னொருக்காப் புதுப்பிப்பமா?" என்று வதனி சீண்டுகிறாள். புதுப்பிப்பேன். கேட்காமலே புதுப்பிப்பேன்.

அந்த அறுவடை முடிந்து புது அரிசிச் சோறு ஆக்கிய அன்று எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு துண்டு மீன். மாமா மெல்லக் கையை நீட்டி இரண்டாவது துண்டை எடுத்தார். நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தார். இன்றுவரை எங்கள் வீட்டில் யார் எதை அதிகமாக எடுத்தாலும் என்னைப் பார்த்துச் சொல்வது அதைத்தான்.

சோற்றுக் கோப்பையைக் கையால் மறைத்தபடி மாமா சொன்னார்: "படம் எடுத்திராதீங்க மருமகன்."