சக்கர வீட்டில் பெண் பார்த்த கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்தாறு வயது வரை வாய் வரவில்லை. யாராவது எதையாவது விளக்க ஆரம்பித்தால் பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று தலையாட்டிவிடுவேன். (ஸ்கூலில் இப்படித் தலையாட்டியே கணக்குப் பாடத்தில் மூன்று தடவை கோட்டைவிட்டவன் நான். அப்போதும் புத்தி வரவில்லை.) புத்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்தில். என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர் அதற்குச் சாட்சி.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் அதில் விரல் நுழைந்தது, பிறகு கை நுழைந்தது. கை நுழைந்த அன்றே அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, மலை சரியலாம் என்று எங்களைக் கிளம்பச் சொன்னார்கள். புது வீடு கட்டித் தரும்வரை எல்லாருக்கும் பாடசாலை மண்டபம்தான்.

எங்கள் குடும்பம் பத்துப் பேர். அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி, தங்கை. அப்பாவின் தம்பி, சித்தி, அவர்களுடைய இரட்டைப் பெண் பிள்ளைகள். லயத்தின் இரண்டு காம்பராவில் பத்துப் பேர் இருந்து பழகியவர்களுக்கு மண்டபம் ஒரு பெரிய விஷயமே இல்லை. அம்மாவின் கவலை வேறு. அக்கா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். வயது முப்பத்தொன்று. மூன்று இடம் வந்து தட்டிப் போயிருந்தது. நான்காவதாகக் கொஸ்லந்தைப் பக்கமிருந்து ஓர் இடம் பேசி வந்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகத்தர். நாற்பது குடும்பம் சேலையை மறைப்பாகக் கட்டிப் படுத்துக் கிடக்கும் மண்டபத்தில், பெண் பார்க்க வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது? அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த இடத்தில்தான் நான் குறுக்கே பாய்ந்தேன்.

நான் அப்போது எல்ல என்கிற மலையூரில் ஒரு சுற்றுலா ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். (ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் 'ஹோட்டல் லைன்ல இருக்கேன்' என்று சொல்லிவைத்திருந்தேன்.) ஹோட்டலுக்குப் பின்னால் இரண்டு பழைய கேரவன்கள் நின்றன. வண்டியில் மாட்டி இழுத்துப் போகிற வீடுகள். முன்பு வெள்ளைக்காரர்கள் தங்கியவை. இடத்தை எடுத்தால் போதும், யார் வேண்டுமானாலும் கொண்டு போங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"வீட்டுக்கு எதுக்குடா சக்கரம்?" என்றாள் அம்மா. "நாம எங்க ஓடப் போறோம்?"

"மலை வந்தா ஓடலாமேம்மா."

அப்பா என்னை முறைத்தார். ஆனாலும் மறுநாள் ஒரு வேன் பிடித்து, பத்துப் பேரும் வீடு பார்க்க எல்லவுக்குக் கிளம்பிவிட்டோம்.

பெரிய கேரவனில் ஆறு பேர் படுக்கலாம். அப்பா உள்ளே ஏறி, தரையை மிதித்துப் பார்த்தார். கால் முழங்கால் வரை உள்ளே போய், அடியில் சப்பாத்து மட்டும் தெரிந்தது. அவரை மூன்று பேர் சேர்ந்து பிடுங்கி எடுத்தோம். ஆகவே சின்னது. அதில் நாலு பேர் படுக்கலாம். சித்தப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறவர், அவர் சக்கரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "டயர் நல்லாருக்கு" என்றார். அவருக்கு அதுதான் வீடு. சித்தியின் இரட்டைகள் மெத்தையில் குதித்தார்கள். அம்மா, டிவி வைக்கிற தட்டைத் தடவிப் பார்த்து, "சாமி படம் இங்க வைக்கலாம்" என்றாள்.

அக்காவைக் காணோம். தேடினால், ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, உள்ளுக்கு என்னா செய்ற?"

"ஒண்ணுமில்லடா. சும்மா நிக்கிறேன்."

அவள் பிறந்ததிலிருந்து தனியாகச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தவள் "இதையே எடுத்துக்குவோம்" என்றாள். முடிவாகிவிட்டது.

ஹோட்டல் காவல்காரர் சோமபால, வயதான சிங்களவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கேரவனின் நாலு மூலையிலும் அடியில் மடித்துவைத்திருந்த இரும்புக் கால்களைக் காட்டினார். (தம்பியைச் சிங்களத்தில் 'மல்லி' என்பார்கள்.) "மல்லி, இந்த கால் நாலும் எறக்க வேணும். பின்னுக்கு உள்ள ரெண்டும் கட்டாயம். அது போடாம ஆள் ஏற..."

"தெரியும், தெரியும்" என்றேன். "நான் ஹோட்டல் லைன்ல இருக்கிறவன்தானே?"

அதே ஹோட்டலில்தான் அவரும் இருபது வருடமாக இருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்டு, தோட்டத்து டிராக்டரில் சித்தப்பா கேரவனை இழுத்து வந்தார். நான் டிராக்டரின் பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் உட்கார்ந்து, ராஜா மாதிரி கையாட்டிக்கொண்டு வந்தேன். தெமோதரையில், பாட்டுப் போட்டபடி தெருத்தெருவாகப் பாண் ரொட்டி விற்கிற ஒருவர், தனக்குப் போட்டியாக இவ்வளவு பெரிய பாண் வண்டி வந்துவிட்டதா என்று முச்சக்கர வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். பதுளை தாண்டி மலை ஏறும்போது, அரசாங்கத்து நடமாடும் சேவை என்று நினைத்து ஓர் அம்மா பிறப்புச் சான்றிதழோடு ஓடி வந்தார்.

"அய்யா, அடையாள அட்டை எழுதுறது எந்தக் கதவு?"

இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. இரண்டு வளைவு வரை பின்னாலேயே வந்தார். எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் ஒன்று வழி கேட்டு ஓயாமல் ஹார்ன் அடித்தது.

மைதானத்தில், கோயில் பக்கமாக வண்டியை நிறுத்தினோம். முன்கால் இரண்டும் சுலபமாக இறங்கின. பின்கால் இரண்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தேன். அதற்குள் ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அவர்கள் முன்னால் ஒரு துருப்பிடித்த கம்பியிடம் தோற்பதா? "இது சும்மா அழகுக்கு வச்சது" என்று சொல்லி விட்டுவிட்டேன்.

நாலு பேர் வீட்டில் பத்துப் பேர் குடியேறினோம். ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவர்களும் திரும்ப வேண்டும் என்று சித்தி சட்டம் போட்டாள். உள்ளே சமைக்க மாட்டேன் என்று அம்மா அடம்பிடித்ததால், கதவுக்கு முன்னால் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டு அடுப்பு வைத்துக் கொடுத்தோம். அதற்கு லயத்து முன்திண்ணையைச் சொல்கிற மாதிரியே இஸ்தோப்பு என்று பேர் வைத்தோம். அரிசி மூட்டை, அம்மிக்கல், சித்தப்பாவின் ஸ்பேனர், சுத்தியல் உள்ள ஆயுதப் பெட்டி எல்லாம் வண்டியின் பின்பக்கத்துக்குப் போயின. அக்காவுக்கு மட்டும் தினமும் காலையில் பத்து நிமிடம் அந்தக் கழிப்பறைக் கதவு. யாரும் தட்டக் கூடாது.

இரண்டொரு நாளில் அம்மா சொன்னாள், "வீடு தலையாட்டுதுடா."

"அது ஸ்பிரிங்கும்மா. வெளிநாட்டு வீடு அப்பிடித்தான் ஆடும்."

மூன்றாவது வாரம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமா, நாலு பேர். மாப்பிள்ளையின் அம்மா நல்ல ஆகிருதியான பெண்மணி. சிரிக்கிற முகமே இல்லை. பட்டுச் சேலை கட்டி, குடையைக் கோல் மாதிரி ஊன்றிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தபோது என் தம்பி அட்டென்ஷனில் நின்றான்.

மண்டபத்திலிருந்து கடன் வாங்கிய நாற்காலிகளை இஸ்தோப்பில் போட்டு உட்கார வைத்தோம். ஐந்து நிமிடம் ஆகவில்லை, மழை சாய்வாக அடிக்க ஆரம்பித்தது. "உள்ளுக்கு வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று எல்லாரையும் ஏற்றினோம். சித்தப்பா மட்டும் நாற்காலிகளை நனையாமல் எடுத்துவைக்க வெளியே நின்றார். அக்கா முன்பக்கம் கழிப்பறைக்குள் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

உள்ளே ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளையின் அம்மா கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஏதாவது நல்லதாகக் காட்ட வேண்டியது என் பொறுப்பு என்று எனக்குப் பட்டது.

"இங்க பின் ஜன்னலுக்கு வாங்க!" என்றேன். "பதுளை டவுன் முழுக்கத் தெரியும். மழையிலதான் இன்னும் அழகு. எல்லாரும் வாங்க, நெருங்கி வாங்க!"

எல்லாரும் வந்தார்கள். விருந்தாளிகளுக்கு மரியாதையாக எங்கள் ஆட்களும் பின்னாலேயே வந்தார்கள். கடைசியாக மாப்பிள்ளையின் அம்மா வந்து ஜன்னலில் கை வைத்தார்.

பதுளை டவுன் மெதுவாக மேலே போனது.

முதலில் அது பனிமூட்டம் என்று நினைத்தேன். பிறகு ஜன்னலில் டவுன் போய் வயல் தெரிந்தது, வயல் போய் மைதானத்துப் புல் தெரிந்தது. அடியில் 'டொம்' என்று ஒரு சத்தம். வீட்டின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டது, முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. நாங்கள் பன்னிரண்டு பேரும் ஜன்னல் மூலையில் ஒரே குவியல். என் நெற்றி அம்மிக்கல்லில் பட்டு உடைந்தது. வடைத் தட்டு பறந்து வந்து அப்பா மடியில் கவிழ்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைக் கதவு திறந்தது. அக்கா தேநீர்த் தட்டோடு வெளியே கால் வைத்தாள். (தட்டை ஏன் அதற்குள் கொண்டுபோனாள் என்று கேட்காதீர்கள். வேறு வைக்க இடமில்லை.) கால் வைத்தவள் அப்படியே உட்கார்ந்து, சறுக்குமரத்தில் வருகிற மாதிரி, தட்டை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தபடி, நடு வீட்டில் சறுக்கி வந்து மாப்பிள்ளையின் காலடியில் நின்றாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மாப்பிள்ளை ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். "தேங்க்ஸ்" என்றார்.

வெளியே சித்தப்பா ஓடி வந்து, மேலே தூக்கி நின்ற இழுவைக் கம்பியைத் தாவிப் பிடித்துத் தொங்கினார். அவர் எடைக்கு அது அசையவில்லை. மழையில் தொங்கிக்கொண்டே கத்தினார்:

"ஒருத்தரும் குதிக்காதீங்க! ஒவ்வொருத்தரா முன்னுக்கு வாங்க! கனமான ஆள் முதல்ல வாங்க!"

 பன்னிரண்டு பேரின் கண்ணும் ஒரு நொடி ஒரே திசைக்குப் போய், உடனே கூரை, சுவர், சாமி படம் என்று சிதறியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது இடமும் போய்விட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

"என்னையத்தான் சொல்றாரு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சேலையைத் தூக்கிச் செருகினார். குடையை அப்பா கையில் கொடுத்தார். இரண்டு கையையும் ஊன்றி, அந்தச் சரிவில் தவழ்ந்து ஏற ஆரம்பித்தார். பாதித் தூரம் தாண்டியதும் வீடு முனகியது. இன்னும் இரண்டு எட்டு வைத்ததும், முன்பக்கம் 'தடால்' என்று தரையில் இறங்கியது. (சித்தப்பா நல்ல வேளை கையை விட்டுவிட்டார்.) நேராகிவிட்ட வீட்டின் நடுவில் அவர் நாலு காலில் நின்றபடி திரும்பி எங்களைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அம்மா பதறி ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, மூச்சு முட்ட, தரையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

பிறகு எல்லாரும் இஸ்தோப்பில், சாரல் அடிக்க அடிக்க நின்றோம். மாப்பிள்ளை என் நெற்றியைக் கழுவித் தன் கைக்குட்டையால் கட்டினார். "ஏன் சாஞ்சிச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பின்கால் போடல" என்றேன். "எப்பிடிப் போடுறதுன்னு எனக்குத் தெரியாது."

அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. லயத்த விட்டு வந்துட்டோம், எங்களுக்குன்னு சரியா ஒரு வீடு இல்லீங்க..."

"நாங்களும் மலைக்குப் பயந்து எட்டு மாசம் ஸ்கூல் ஹோல்ல கெடந்தவங்கதாங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அப்ப எங்க வீட்டுக்கு யாராச்சும் வந்திருந்தா, சாயுறதுக்குக்கூட எங்ககிட்ட வீடு இல்ல." பிறகு அக்காவின் தலையிலிருந்து நழுவிய பூவை எடுத்துச் செருகிவிட்டு, "அந்தச் சரிவுல வந்தும் ஒரு சொட்டு சிந்தல. எனக்கு இந்தப் புள்ள போதும்" என்றார்.

தை மாதம் கோயிலில் கல்யாணம். பெண் பார்த்த மறுநாளே சோமபால மாமாவைக் கூட்டி வந்து பின்கால்களை இறக்கினேன். அவர் எண்ணெய் விட்டு, பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். விளக்கம் முழுவதையும் வாய் திறக்காமல் கேட்டேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் பஸ் ஏறினாலும், பந்தியில் உட்கார்ந்தாலும், படம் எடுக்க நின்றாலும், யாராவது ஒருவர் "கனமான ஆள் முதல்ல" என்று குரல் கொடுப்பார். பெரும்பாலும் கொடுப்பது அக்காவின் மாமியார், எங்கள் அத்தையேதான். போன வருடம் புது வீட்டுச் சாவி கிடைத்துப் பால் காய்ச்சிய அன்று, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தும், ஒருவரும் உள்ளே போகாமல் வாசலில் நின்றோம். கொஸ்லந்தையிலிருந்து பஸ் தாமதம். அத்தை வந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே நடந்து, பின் ஜன்னல் வரை போய், ஓங்கி இரண்டு மிதி மிதித்தார்.

"அசையல" என்றார். "இப்ப வாங்க."