பாட்டில் குழி

"மரியாதையா குழியை மூடிடுங்க" என்று கொல்லைக் கதவருகே நின்றபடி சொன்னாள் மனைவி.

"மூட மாட்டேன்" என்றார் டிராயிங் மாஸ்டர், இடுப்பளவு பள்ளத்துக்குள்ளிருந்து.

ரிட்டயரான மனுஷன் சும்மா இருக்கக் கூடாதா? எலுமிச்சைக் கன்று நடத் தோண்டியபோது நீல நிற மைப் புட்டி ஒன்று அகப்பட்டது. கன்று அம்போவென்று மூலையில் கிடக்க, இவர் லென்ஸும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். புட்டியின் பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோடு வாய் வரைக்கும் ஏறினால் மெஷினில் செய்தது. கழுத்தோடு நின்றால் பழங்காலத்துக் கைவேலை. இதில் கழுத்தோடு நின்றது. கண்ணாடிக்குள் குமிழிகள் வேறு. போதாதா?

கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டில் ஒரு வாக்குவாதத்தில்கூட அவர் ஜெயித்ததில்லை. இதை விடுவதாக இல்லை.

"சமையல்கட்டுச் சுவர் விழுந்தா யாரு பொறுப்பு?"

"அதெல்லாம் விழாது."

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளூர உதைத்தது. அந்தக் குழியை மூடிவிட்டு, நாலடி தள்ளிப் புதிதாக ஆரம்பித்தார். அங்கேயும் மருந்து பாட்டில் கிடைத்தது. மண் குவிந்து துணி காயப்போட இடமில்லாமல் போயிற்று.

"கோணல் மாணலா இருக்கு. டிராயிங் மாஸ்டர் தோண்டின லட்சணமா இது?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நூல் கட்டி, மூலைமட்டம் வைத்து, நாலு பக்கமும் பிசகில்லாமல் செதுக்கினார். அதில் முதுகு பிடித்துக்கொண்டது.

"இதுக்கு மேல தோண்டினா நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"தாராளமா போ." தைலம் தடவிக்கொண்டு இன்னும் ஆழமாக இறங்கினார்.

பாட்டில்கள் எப்போதும் மத்தியானத் தூக்கம் முடிந்து இறங்கும்போதுதான் அகப்பட்டன. வெயிலில் மண் இளகிக் கொடுக்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

தலை மறையும் ஆழம் வந்ததும் சவால் விட்டார். "பழம்பொருள் கடைக்காரரைக் கூட்டிட்டு வரேன். அவர் குப்பைன்னு சொல்லட்டும், மண்வெட்டியை அன்னியோட தலைமுழுகிடறேன்."

"அவரெல்லாம் எதுக்குங்க?" மனைவியின் குரல் இறங்கியது.

பயந்துவிட்டாள் என்று மாஸ்டருக்கு ஒரே குஷி. மறுநாளே கடைக்காரரை அழைத்து வந்து, பாட்டில்களை வரிசையாக அடுக்கிவிட்டு, குழிக்குள் இறங்கி நின்றுகொண்டார். தீர்ப்பை அங்கே நின்று கேட்பதுதான் வீரம் என்று நினைப்பு.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அசல் சரக்கு சார். எங்க பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். உங்களை மாதிரி நாலு பேரு தோண்டினா எங்க வியாபாரம் எங்கேயோ போயிடும்."

"காதுல விழுந்துச்சா?" என்று குழிக்குள்ளிருந்து முழங்கினார் மாஸ்டர்.

"விழுந்துது. நீங்கதான் ஜெயிச்சீங்க, ஒத்துக்கறேன்" என்றாள் மனைவி.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு குழிகூடத் தோண்டலாம் போலிருந்தது.

அப்போது பின்வாசல் வழியாக டேப்பும் கையுமாக வந்த கொத்தனார், மாஸ்டரின் தலைக்கு மேலாக டேப்பை இறக்கி அளந்து பார்த்துவிட்டு, அவர் மனைவியிடம் சொன்னார்:

"செப்டிக் டேங்குக்கு இந்த ஆழம் போதும்கா. மிச்ச பாட்டிலை உள்ள புதைக்காதீங்க, கடைக்காரர்தான் வந்திருக்காரே, திருப்பிக் குடுத்துடுங்க."