மடை திருப்பிய துரைராசு

மனைவிக்கு இணையத்தில் கடை வைத்துக் கொடுப்பது, மடையை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொள்வது என்று பாபநாசம் துரைராசு மகத்தான முடிவொன்றை எடுத்தார்.

அவருக்கு ஏற்கெனவே 'துரைராசு டாட் காம்' இருந்தது. மாப்பிள்ளைச் சம்பா அரிசியை மஸ்கட் வரைக்கும் அதில்தான் விற்றுக்கொண்டிருந்தார். மனைவி மேகலா வடகம் விற்க, ரெடிமேட் வெப்சைட் கம்பெனி ஒன்றில் தானே கடையைக் கட்டி முடித்திருந்தாள். பெயர்தான் பாக்கி.

"எனக்குத் தனியா ஒரு டொமைன் வாங்கித் தாங்க."

"ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு பேரு? என் பேருக்கு முன்னாடி வடகம்னு போட்டு ஒரு புள்ளி வச்சுக்க. சப்டொமைன்! வடகம் டாட் துரைராசு டாட் காம். எப்புடி?"

"அப்போ உங்க தயவுலதான் ஓடணும்?"

"ஆமா. கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனீன்னா மடைய அடைச்சிருவேன்ல?"

சிரித்தார். மேகலா சிரிக்கவில்லை.

வேலை சின்னதுதான். எந்தப் பெயரை அடித்தால் எந்தக் கடை திறக்கும் என்று டொமைன் கணக்கில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கம்பெனிக்காரன் போன் போட்டு அறுப்பான் என்று, டொமைன் வாங்கிய அன்றே அந்தக் கணக்குக்கு மேகலாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அவள் ஓடிபி சொன்னாள். இவர் உள்ளே போய் வரியைச் சேர்த்தார். ஆனால் மனசு ஆறவில்லை. காலமெல்லாம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய கை. பெரிய வாய்க்காலை மண் போட்டு அடைக்காமல் கிளை வாய்க்காலில் எப்படித் தண்ணீர் ஏறும்? தன் அரிசிக்கடைக்குப் போகிற பழைய வரியை அழித்துவிட்டு நிம்மதியாகக் கணக்கை மூடினார்.

மத்தியானம் மஸ்கட்டிலிருந்து வாடிக்கையாளர் மீரா உசேன் கூப்பிட்டார்.

"அண்ணே, நோன்புக்கு மொத்தமா அரிசி சொல்லலாம்னு பார்த்தா உங்க கடை திறக்கவே மாட்டேங்குதே!"

"ஐயையோ!"

"நல்லவேளை, அண்ணி அனுப்புன லிங்க் ஜோரா திறக்குது. வடகம் சொல்லிட்டேன். அரிசிக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற இடந்தான்."

துரைராசுக்கு அழித்த வரி ஞாபகம் வந்தது. கணக்கைத் திறக்க ஓடினார்.

"மேகலா! ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சு." வடகக் கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லும்மா!"

"கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போகலாம்னு பார்க்குறேன். போனையும் எடுத்துக்கிட்டு."

"தாயே! தனி டொமைனே வாங்கித் தர்றேன்!"

"எதுக்குங்க? ஒரு குடும்பத்துக்கு ஒரு பேரு போதும்."

ஓடிபியைச் சொன்னாள். எந்த வரியில் எந்தக் கடையைப் போட வேண்டும் என்றும் அவளே சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் இரண்டு கடையும் திறந்துவிட்டன. மீரா உசேனுக்கு அரிசியும் போயிற்று. இப்போதெல்லாம் அரிசி வேண்டுமென்றால் முன்னால் அரிசி என்று போட்டுப் புள்ளி வைக்க வேண்டும். வெறும் துரைராசு டாட் காம் என்று அடித்தால் வடகம்தான் வருகிறது.