மாம்பழப் புகையும் ஒரு குளியல் தொப்பியும்

லண்டனில் உயரமான தமிழனுக்கு எந்த வீட்டு விசேஷத்திலும் நிம்மதியாக உட்கார வழியில்லை. மாவிலைத் தோரணம் கட்ட ஒருவர் கூப்பிடுவார். அலுமாரி உச்சியில் இருக்கும் இடியப்பச் சட்டியை இறக்கித் தர இன்னொருவர் கூப்பிடுவார். ஹோமம் என்றால் கேட்கவே வேண்டாம். கூரையில் இருக்கும் புகை அலாரங்களுக்கெல்லாம் குளியல் தொப்பி மாட்டிவிடும் வேலை அவனுடையதுதான். (ஐயர் வந்து இறங்குவதற்குள் அலாரங்களின் வாயைக் கட்டாத தமிழ் வீட்டை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. ஹோட்டலில் தங்கும் சொந்தக்காரர்கள் குளியலறைத் தொப்பிகளை அள்ளிக்கொண்டு வருவது இதற்காகத்தான்.)

நான் ஆறடியைத் தாண்டியவன். போதாததற்கு எலெக்ட்ரீஷியன். அந்தக் காலத்தில் இந்த இரண்டோடு காதலும் சேர்ந்துகொண்டது. கெட்டுப்போக இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவள் பெயர் வதனி. ரெய்னர்ஸ் லேனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தாள். அங்கே விளக்கு மாற்றப் போனவன், மாற்றத் தேவையில்லாத விளக்குகளையும் மாற்றிவிட்டு வந்தேன். பிறகு எனக்கு அடிக்கடி பல் வலித்தது. மூன்றாவது பல் வலியின்போது அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்பதை இன்றுவரை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"சிகரெட் மணக்கிற ஆளோட எனக்கு வாழ ஏலாது. வீட்டில ஒராள் இருமுறதே எனக்குக் காணும்."

இருமுகிறவர் அவளுடைய அப்பா, செல்வராசா அங்கிள். வாழ்க்கை முழுவதும் புகைத்து, கடைசியில் டாக்டர் அதட்டியதால் நிறுத்தியவர். சட்டைப் பையில் முன்பு சிகரெட் பெட்டி இருந்த அதே இடத்தில் இப்போது இன்ஹேலர் இருந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று ஜன்னலைப் பார்ப்பது போல நடிப்பார். மூச்சு வாங்குவதை யாருக்கும் காட்டக்கூடாதாம்.

"கோடைக்கு எங்கட புதுவீடு குடிபூரல். கனடாவில இருந்தெல்லாம் சொந்தக்காரர் வருவினம். அண்டைக்கு உங்களை எல்லாருக்கும் காட்டலாம் எண்டு இருக்கிறன்" என்றாள் வதனி. "அதுக்கு முன்னம் சிகரெட்டை விட்டிட்டு வாங்கோ. இல்லையெண்டால் வராதேங்கோ."

"ஓம்" என்றேன். ஒரு சொல்லுக்கு மேல் பேசியிருந்தால் வாயிலிருந்து புகை மணந்திருக்கும்.

நான் பாரிஸில் ஒரு உணவகச் சமையலறையில் கோப்பை கழுவி வளர்ந்தவன். அங்கே மற்றவர்களுக்குக் கிடைத்த ஓய்வு நேரம் என்பது, பின்வாசலில் ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம்தான். புகைக்காதவனுக்கு அதுவும் இல்லை. ஆகவே ஓய்வுக்கு ஆசைப்பட்டுத்தான் தொடங்கினேன். லண்டனுக்கு வந்து சொந்தமாக வேன் வைத்துக்கொண்ட பிறகும், மழையில் ஒரு கதவோரம் நின்று முதல் இழுப்பு இழுக்கும்போது, இந்த உலகத்தில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடமாட்டார்கள் என்று தோன்றும். உயரமானவனுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களுக்குத் தெரியாது.

விடமுடியவில்லை. அப்போதுதான் மின்சிகரெட் ஞாபகம் வந்தது. வதனி சிகரெட்டைத்தான் விடச் சொன்னாள். மெசினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! (கேட்டால் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.)

எங்கள் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கும் போன் சார்ஜரும் அருகருகே விற்கும் ரஞ்சன் அண்ணையின் கடையில், கல்லாவுக்குப் பின்னால் வரிசையாக வேப் தொங்கும். அண்ணை வாழ்க்கையில் ஒரு சிகரெட்டும் தொட்டதில்லை. ஆனால் ஆலோசனைக்குக் குறைவில்லை.

"தம்பி, இது நல்ல சாமான். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்."

ஒருதரம் பாவித்து எறிந்துவிடும் வகை அப்போது தடை செய்யப்படவில்லை. அதில் ஒன்று தந்தார். குழந்தைகளின் பிறந்தநாள் கேக் போல மணந்தது. ஹரோவில் ஒரு வீட்டில் ஏணி உச்சியில் நின்றபோது அதன் உயிர் போய்விட்டது. ஏணியில் இருந்து இறங்கி, பக்கத்துக் கடைக்கு நடந்து, ஒரு பெட்டி சிகரெட் வாங்கினேன். துக்கம் கொண்டாட வேண்டாமா?

அடுத்தது, திரவம் ஊற்றும் பேனா வகை. பெட்டிக்குள் ஒரு சிறு காகிதம் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. ஒரு பற்றரி, ஒரு கம்பிச் சுருள், நடுவில் கொஞ்சம் பஞ்சு: கேத்திலைவிடச் சின்ன விஷயம். முழு வீட்டுக்கும் வயர் இழுக்கிறவன் இதற்குப் போய்க் காகிதம் படிப்பதா? பஞ்சு ஊறும்வரை பொறுக்க வேண்டும் என்று அந்தக் காகிதத்தில்தான் இருந்ததாம். முதல் இழுப்பில் தலையணை எரிந்த ருசி நெஞ்சுவரை இறங்கியது. பஞ்சை மாற்றினேன். இப்போது ஒழுகத் தொடங்கியது. சட்டைப் பையில் வனிலா ஒழுகியபடி ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனில் நின்றேன். ஒரு குளவி என்னோடு மேடை முழுக்க நடந்து, ரயிலிலும் ஏறிக்கொண்டது.

"அண்ணை, போன கிழமையும் இதைத்தானே சொன்னனீங்கள், நம்பலாம் எண்டு?"

"அது போன கிழமைச் சாமான் தம்பி. இது வேற."

மூன்றாவதை வால்தம்ஸ்டோவில் இருந்த ஒரு நண்பன் கொடுத்தான். செங்கல் அளவு இருக்கும். ஒருமுறை ஊதினால் வேனின் கண்ணாடிகளெல்லாம் வெள்ளையாகிவிடும். சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் இறங்கி வந்து, என் வேன் எரிகிறது என்று அழாக்குறையாகச் சொன்னாள். அதையும் மூட்டை கட்டினேன்.

இதற்கிடையில் வதனி வீட்டார் புதுவீட்டின் மின்வேலையை என்னிடமே கொடுத்திருந்தார்கள். சட்டப்படி மாடிக்கு ஒரு அலாரம் இருந்தாலே போதும். நான் அறைக்கு ஒன்று வைத்தேன். ஒவ்வொன்றும் இன்னும் ஒரு மாலை அந்த வீட்டுக்கு வர ஒரு சாட்டு. வதனி வேலை முடிந்து வந்து படிக்கட்டில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, நான் வயர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லா அறையும் முடிந்தபோது எனக்கு அழுகை வந்தது. கடைசியில், மேல்மாடியில் கட்டில்கூடப் போட முடியாத சின்ன அறை ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒன்று பொருத்தினேன். அது முழுக்க முழுக்க ஏக்கத்தில் பொருத்திய அலாரம்.

"எல்லாத்தையும் ஒண்டோட ஒண்டு தொடுத்திருக்கிறன் அங்கிள்" என்று செல்வராசா அங்கிளிடம் பெருமையடித்தேன். "ஒரு அறையில புகை வந்தாலும் முழு வீடும் கத்தும். எது முதல்ல கத்தினதோ அதில மட்டும் சிவப்பு லைட் மின்னும். எங்க பிழையெண்டு உடன பிடிச்சிடலாம்."

"கெட்டிக்காரன்" என்றார் அங்கிள். வதனியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குடிபூரல் நாள் வந்தது. ரஞ்சன் அண்ணை கடைசியாகத் தந்த மெசின் என் சட்டைப் பையில் இருந்தது. மாம்பழச் சுவை. "இது பிழைச்சால் நான் கடையை மூடுறன் தம்பி" என்று சத்தியம் செய்திருந்தார். நான் உண்மையில் அதைத் தொடாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பையில் ஒரு தைரியத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

காலையிலேயே போய் எல்லா அலாரங்களுக்கும் தொப்பி மாட்டினேன். சின்ன அறைக்கு வரும்போது தொப்பி தீர்ந்துவிட்டது. கதவு மூடியிருக்கும் அறையில் யார் போய்ப் புகைக்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஐயர் ஹோமத்தைத் தொடங்கினார். நெய்யும் சமித்தும் சேர்ந்து கூடம் முழுக்கப் புகை. எல்லாரும் கண்ணைக் கசக்கி இருமினார்கள். அங்கிளை மட்டும் அந்தப் புகை படாமல் மேல்மாடிப் படுக்கையறையில் இருத்தியிருந்தார்கள். நான் ஹோம குண்டத்துக்குக் கிட்டப் போய் நின்று ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தேன். கனடாவில் இருந்து வந்த மாமி ஒருவர், "எவ்வளவு பக்தியான பெடியன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த மாமியும் இன்னும் நாலைந்து பேரும் என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் சேலையில் வதனி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவள் இல்லாவிட்டால் என் வாழ்க்கை என்ன ஆகும் என்று நினைத்த மாத்திரத்தில் கை தானாக எழுந்தது. எழுந்த கை எங்கே போகும்? சட்டைப் பைக்குத்தான்.

அப்போது பார்த்து வதனியின் அம்மா, "தம்பி, மேல சின்ன அறையில ஒரு தாம்பாளம் இருக்கு, எடுத்துக்கொண்டு வாருமன்" என்றார்.

மேலே போனேன். கதவைச் சாத்தினேன். ஒரே ஒரு இழுப்பு. மெசின் வேலை செய்தது! ஒழுகவில்லை, எரியவில்லை, சாகவில்லை. இத்தனை மாதமாகத் தேடிய நம்பகமான மெசின் கடைசியில் கிடைத்துவிட்ட ஆனந்தத்தில் தலையை நிமிர்த்தி, நீளமாக, மேல்நோக்கி ஊதினேன். என் உயரத்தில் எனக்கும் கூரைக்கும் நடுவில் பெரிய தூரமில்லை என்பதை மறந்துவிட்டேன்.

அலாரம் அலறியது. அதைத் தொடர்ந்து, தொப்பி போட்ட தலைகளோடு, வீட்டின் எல்லா அலாரங்களும் அலறின. தொப்பி புகையைத்தான் மறைக்கும், சத்தத்தை அல்ல. கீழே ஜன்னல்களைத் திறக்கும் சத்தமும், சேலைத் தலைப்பால் விசிறும் சத்தமும், எல்லாவற்றுக்கும் மேலாக ஐயர் மந்திரத்தைக் கூட்டிச் சொல்லும் சத்தமும் கேட்டன. நான் பாய்ந்து பொத்தானை அழுத்தினேன். அமைதியானது. திரும்பினால் வாசலில் செல்வராசா அங்கிள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மூக்கை உயர்த்தினார். கண்ணை மூடினார்.

"மாம்பழமே?"

"ஓம் அங்கிள்."

"நிக்கொட்டின் கிடக்கோ?"

"கொஞ்சம் கிடக்கு அங்கிள்."

பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒருக்காத் தாரும் தம்பி. ஒரே ஒருக்கா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

என்ன செய்வது? கொடுத்தால் அவரும் நானும் கூட்டுக் களவாளிகள். அவர் வாய் திறக்கமாட்டார். வதனி எனக்குத்தான். என் முழு வாழ்க்கையும் அந்த ஒரு இழுப்பில் இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். மழையில் கதவோரம் நிற்கும் என் முகமேதான். பாவமாக இருந்தது. அவருடைய சட்டைப் பையில் இன்ஹேலரும் தெரிந்தது.

"ஏலாது அங்கிள்."

"அப்ப கீழ போய் எல்லாருக்கும் சொல்லிப்போடுவன்."

"சொல்லுங்கோ அங்கிள். உங்களுக்கு மட்டும் தரமாட்டன்."

கதவு திறந்தது. வதனி கூரையில் மின்னும் சிவப்பு லைட்டைப் பார்த்தாள். பிறகு என்னை, பிறகு என் சட்டைப் பையை. அவசரத்தில் உள்ளே தள்ளிய நம்பகமான மெசின், வெள்ளைச் சட்டையிலும் வேட்டியிலும் மஞ்சளாக ஒழுகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கதவுக்குப் பின்னால் நின்றாளோ தெரியாது.

"அப்பா, நீங்கள் போய் அறையில இருங்கோ" என்றாள். அங்கிள் நல்ல பிள்ளையாகப் போனார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. கையில் ஒரு குளியல் தொப்பி வைத்திருந்தாள். எங்கிருந்தோ தேடிக் கண்டுபிடித்து, அலாரத்துக்கு மாட்ட எடுத்து வந்தது. அதை இரண்டு கையாலும் விரித்து, எட்டி, என் தலையில் மாட்டினாள்.

"இந்த வீட்டில புகைக்கிற சாமான் எல்லாத்துக்கும் இதுதான். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ, பூரணாகுதிக்கு நேரமாச்சு."

என் தலையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்த மயக்கத்தில் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தாம்பாளத்தோடு அப்படியே கீழே இறங்கி, ஐயருக்குப் பின்னால் போய் நின்றேன். போட்டோக்காரர் தன் கடமையைச் செய்தார். கனடா மாமி பக்கத்தில் இருந்தவரிடம், "உது பாரிஸ் ஆக்களின்ர வழக்கமோ?" என்று கேட்டார்.

மாலையில் வாசல்வரை வந்து வதனி சொன்னாள். "அப்பாவுக்கு இல்லையெண்டு சொன்னீங்கள். அதாலதான் கதைக்கிறன். இனி மெசினும் இல்லாமல் வாங்கோ."

அதற்குப் பிறகு போன மாதங்களைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை. பஸ் தரிப்பிடத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஊதும் புகைக்குப் பின்னால் நாய்க்குட்டி போல நடந்திருக்கிறேன். சிகரெட்டுக்கும் ஏங்கினேன், அவளுக்கும் ஏங்கினேன். சில நாள் இரண்டில் எதற்கு என்றே தெரியாது. பனிக்காலம் முடியும்போது வெறுங்கையோடு போய் அந்த வீட்டு மணியை அழுத்தினேன்.

தொப்பியோடு நான் நிற்கும் படம் இன்றும் அந்த வீட்டுக் கூடத்தில், எங்கள் கலியாணப் படத்தைவிடப் பெரிதாகத் தொங்குகிறது. வந்தவர்கள் கேட்டால் மாமா, அதாவது செல்வராசா அங்கிள், கதையை முதலில் இருந்து சொல்லுவார். முடிவு எப்போதும் ஒன்றுதான். "கெஞ்சினால் ஆரெண்டாலும் ஒருக்காத் தந்திருப்பாங்கள். மாட்டன் எண்டது உவன் ஒருத்தன்தான். பொம்பிளையைக் குடுத்திட்டன்."

ஆசை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. எனக்கும் இல்லை, மாமாவுக்கும் இல்லை. குளிர்காலத்துச் சனிக்கிழமைக் காலைகளில் நாங்கள் இருவரும் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வாசலில் போய் நிற்போம். குளிரில் வெறும் மூச்சை நீளமாக ஊதி, அது வெள்ளையாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். "இண்டைக்கு நல்லா வருகுது" என்பார் மாமா.

கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும். வதனி இரண்டு குளியல் தொப்பிகளோடு வந்து நிற்பாள். மாமா தன்னுடையதைத் தானே மாட்டிக்கொள்வார். நான் குனிந்து நிற்பேன். அவள் கைக்கு எட்ட வேண்டுமே.