மேல்தாடையில் நான்கு திருகாணி

ஒரத்தநாடு,
மாசி 5.

அன்புத் தங்கை தையல்நாயகிக்கு அண்ணன் உத்திராபதி எழுதுவது. நானும் உன் அண்ணி அம்சமும் சௌக்கியம். நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் உனக்குப் பாதிதான் காதில் விழுகிறது; அதனால் இந்தக் கடிதம்.

உனக்கும் மேல்வரிசைப் பல் எல்லாம் போய்விட்டது, இம்பிளான்ட் வைக்கப் பயப்படுகிறாய் என்று மச்சான் சொன்னார். என் கதையைக் கேள். போன ஆனியில் நம் ஊர் வயல்களில் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தார்களே, அதற்குத் தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை. ஊர் சார்பில் நான்தான் எழுந்து, "சாகுபடி நிலத்துல குழாய் பதிக்க விடமாட்டோம்" என்று ஆரம்பித்தேன், 'விட' வரைக்கும்தான் வந்தது, கூடவே மேல் பல்செட்டும் கழன்று போய்த் தாசில்தார் அம்மாவின் ஃபைல்மேல் உட்கார்ந்துகொண்டது. அவர் சிரிக்கவில்லை. "ஐயா, இத மனுவோட சேக்கணுங்களா, திருப்பித் தரணுங்களா?" என்று கேட்டார். கூட்டம் தள்ளிப்போனது. அடுத்த முறை வேறு ஆளைப் பேசவைக்கலாம் என்று ஊரில் பேச்சு கிளம்பியதுதான் என்னைச் சுட்டது.

உன் அண்ணி என்னைக் கும்பகோணத்துப் பல் டாக்டர் மங்களாம்பிகையிடம் கூட்டிப்போனாள். ஸ்கேன் பார்த்துவிட்டு, மேல்தாடை எலும்பில் நான்கு திருகாணி இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள ஆறு மாதம் விட்டு, அதன்மேல் பல்செட்டை மாட்டலாம் என்றார் அவர்.

"அதுக்குள்ள நான் குறுவையே அறுத்துருவேனேம்மா."

"தாராளமா அறுங்க. முறுக்க மட்டும் கடிக்காதீங்க."

ஆறு மாதமும் குழைந்த சாதம். நம் வீட்டு நாய்கூட என் தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. நல்லவேளை, கூட்டமும் மூன்று தடவை தள்ளிப்போனது. தையில் பல் வந்தது. போன வாரம் ஒன்றரை மணி நேரம் பேசினேன், ஒரு பல்லும் அசையவில்லை. கடைசியில் கம்பெனிக்காரர், "போதுங்கய்யா, ரோட்டோரமாவே கொண்டுபோறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வறுத்த கடலை வாங்கித் தின்றேன். கடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. இப்போது ஒரு குறையும் இல்லை.

ஆகவே நீயும் தைரியமாக வா. வலி துளிகூட இல்லை. கரும்பு கடித்துக்கொண்டு நூறு வயது நீ வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உத்திராபதி

பி.கு.: கடிதத்தை அம்சம் படித்துவிட்டாள். உண்மையை எழுதாமல் தபாலில் போடமாட்டாளாம். ஊசியைப் பார்த்ததும் நான் நாற்காலியிலிருந்து இறங்கி, செருப்புகூடப் போடாமல் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாபநாசத்தில் ஆட்டோவில் வந்து மறித்து இறக்கினாள். அப்புறம் நான்கு திருகாணியும் இறங்கும்வரை அவள் கையை நான் விடவில்லை. அவளுக்கு இரண்டு விரல் வீங்கிவிட்டது. நீ வரும்போது மச்சானையும் கூட்டி வா. அவரை டாக்டர் அறை வாசற்படியில் வழிமறித்து உட்காரச் சொல்.