லிட்டருக்கு நூற்றுப் பன்னிரண்டு கொடுத்த கரடி

ஒரு காட்டில், அதுவும் தார் ரோடும் பெட்ரோல் பங்க்கும் வந்துவிட்ட ஒரு காட்டில், தணிகாசலம் என்ற கரடி குடும்பத்தோடு வாழ்ந்துவந்தது. தேன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. மனைவி பெயர் பூரணி. செம்பா என்று மூன்று வயதுப் பெண்குட்டி ஒன்று.

தணிகாசலத்திடம் ஒரு சின்ன கார் இருந்தது. அதற்கு முன் ஒரு மரநாய்க் குடும்பம் ஓட்டிய வண்டி. சீட்டில் அந்த வாசனை இன்னும் போகவில்லை. ஆனாலும் மூன்று பேரும் ஏறி ஞாயிற்றுக்கிழமை அருவிவரை போய்வந்தால் கரடிக்கு மனசு நிறைந்துவிடும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக் கீரி மாசிலாமணி தன் காரைத் துடைத்துக்கொண்டே கேட்டது:

"அண்ணே, உங்க வண்டி எவ்வளவு கொடுக்குது?"

"பதினாலு கொடுக்கும்."

கீரி துடைப்பதை நிறுத்தியது. "லிட்டருக்கா? நம்மளுது இருபத்திரண்டு கொடுக்குதுண்ணே. பதினாலுன்னா அது ஜீப்பு கொடுக்கறது."

அவ்வளவுதான் சொன்னது. மறுபடியும் துடைக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அன்றைக்குப் பூரணி பொன்னிறமாக வறுத்துவைத்த கறையான், கரடிக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. முதலில் டயர்களில் காற்றைக் கல்லு மாதிரி ஏற்றியது. ஒரு கூழாங்கல் மேல் ஏறினாலும் செம்பாவின் பல் கடகடத்தது. பிறகு ஸ்டெப்னியை இறக்கியது, ஜாக்கியை இறக்கியது, பின் சீட்டையும் கழற்றி வாசலில் போட்டது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும் காற்றைத் தடுக்கின்றன என்று அவற்றையும் திருகி எடுத்துவிட்டது.

"பின்னாடி வர்ற வண்டி எப்படித் தெரியும்?" என்று பூரணி கேட்டது.

"நாம போறது முன்னாடிதானே?"

முன்பக்க கிரில் வழியாக நுழையும் காற்று வேகத்தைக் கெடுக்கிறதாம். அதைத் தேன் சங்கத்து அட்டைப்பெட்டியை வெட்டி அடைத்தது. ஏசியின் பெல்ட்டை அறுத்தது. சித்திரை மாதம் அது. உடம்பு முழுக்க ரோமம் உள்ள மூன்று பேர் உள்ளே உட்கார்ந்திருக்க, ஜன்னல் கண்ணாடியை இறக்கவும் கரடி விடவில்லை.

"ஏங்க, புழுங்குது. கொஞ்சம் இறக்குங்க."

"இறக்கினா காத்து உள்ள பூந்து வண்டியைப் பிடிச்சு இழுக்கும் பூரணி. அருவி வந்துடுச்சு, பொறுத்துக்க."

அதற்குப் பிறகுதான் ஒரு பாட்டில் வந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு, அதிலிருந்து எஞ்சினுக்கு ரப்பர் குழாய் கொடுத்தது. பாட்டிலில் பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தது. எத்தனை கோடு இறங்கினால் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தது. பதினாறு வந்தது. பதினெட்டு வந்தது. பத்தொன்பதரையோடு நின்றுவிட்டது.

கரடி யோசித்தது. யோசித்து, சலூனுக்குப் போய் உடம்பு ரோமத்தை முழுக்கச் சிரைத்துக்கொண்டு வந்தது. ஒன்றேகால் கிலோ குறைந்தது. செம்பா அப்பாவை அடையாளம் தெரியாமல் ஒரு மணி நேரம் அழுதது. வண்டி இருபது கொடுத்தது.

இன்னும் இரண்டு வேண்டும். கரடி வண்டிக்குள் சுற்றும்முற்றும் பார்த்தது. இனி கழற்ற எதுவும் இல்லை. அப்போது பக்கத்து சீட்டில் பூரணி உட்கார்ந்திருந்தது. கரடி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டை எடுத்து எதையோ எழுதியது.

"என்னைப் பாத்து என்ன எழுதினீங்க?"

"ஒண்ணுமில்ல."

பூரணி நோட்டை வாங்கிப் பார்த்தது. ஸ்டெப்னி, பின் சீட்டு, ஜாக்கி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு மிச்சம் என்று குறித்திருந்தது. கடைசி வரி: "பூரணி – 1.8."

பூரணி நோட்டை சீட்டில் வைத்தது. கதவைத் திறந்து இறங்கியது. குட்டியையும் இறக்கிக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தது. அன்று வண்டி இருபத்தொன்று புள்ளி எட்டு கொடுத்தது. கரடிக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பூரணி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, ஒரு மதியம், செம்பா ஒரு புளியங்கொட்டையை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டது. கரடி மூக்கு நீளமானது. கொட்டை உள்ளே போய்விட்டது. பூரணி சிந்தச் சொன்னது. குட்டி உறிஞ்சியது. கொட்டை இன்னும் மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் குட்டிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். நாலு கிலோமீட்டர் ஏற்றம், அஞ்சு கிலோமீட்டர் இறக்கம். கோபத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் பூரணி குட்டியோடு வண்டியில் ஏறியது. கரடியும் பதறிப்போய் வண்டியை எடுத்தது. பாட்டிலைப் பார்க்கவே இல்லை. அதில் எண்பது மில்லிதான் இருந்தது.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பாட்டில் காலி. அட்டை அடைத்திருந்த முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. வண்டி ஒரு முனகல் முனகி நின்றது.

"பூரணி, நீ கொஞ்சம் இறங்கித் தள்ளு. ஏத்தம் முடிஞ்சா அப்புறம் இறக்கம்தான். பெட்ரோலே வேணாம்."

பூரணி அதை ஒரு கணம் பார்த்தது. பிறகு இறங்கி, செம்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டது. "கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கடி" என்றது. ரோட்டை விட்டு ஒற்றையடிப் பாதையில் பாய்ந்தது. கரடிகள் ஆதிகாலம் முதல் குட்டியைக் கொண்டுபோன விதம் அதுதான். வளைவும் இல்லை, சிக்னலும் இல்லை. புதர் இரண்டு முறை அசைந்தது. அதற்குள் மறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கொக்கு டாக்டர் செம்பாவின் மூக்குக்குள் தன் நீண்ட அலகை விட்டு, கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டது. "வாரத்துக்கு நாலு கேஸ் இப்படி வருது. இந்த மூக்குக்காகத்தான் எனக்கு வேலையே குடுத்தாங்க" என்றது. செம்பா நன்றாக மூச்சுவிட்டது. விட்டதும் கொட்டையைத் திருப்பிக் கேட்டது.

இதற்குள் மலைமேல் தணிகாசலத்தின் வண்டிக்குப் பின்னால் ஒரு லாரி, இரண்டு பஸ், ஒரு கல்யாண வேன் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. கண்ணாடி இல்லாததால் கரடிக்கு அது தெரியாது. ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. லாரியிலிருந்து நாலு காட்டெருமைகள் இறங்கி வந்து, யாரையும் எதுவும் கேட்காமல், காரை நெற்றியால் முட்டி உச்சிவரை தள்ளிவிட்டன. ரோட்டைக் காலி செய்வது அவற்றின் நோக்கம். உச்சியில் நின்று மூச்சுவாங்காமல் கடைசியாக ஒரு முட்டு முட்டின.

வண்டி இறங்கியது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் கல்லாகிவிடும் என்பது கரடிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஸ்டீயரிங்கும் திரும்ப மறுத்தது. ஹாரனையும் எடை என்று எப்போதோ கழற்றியிருந்தது. தலையை வெளியே நீட்டி, "நகருங்க, நகருங்க" என்று கத்திக்கொண்டே அஞ்சு கிலோமீட்டரும் வந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் புகுந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த இருபது பெட்ஷீட்டையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, வேப்பமரத்தடியில் மெதுவாக நின்றது.

கரடி பெட்ஷீட்டுக்குள்ளிருந்து இறங்கி ஓடியது. பெஞ்சில் பூரணி உட்கார்ந்திருந்தது. மடியில் செம்பா தூங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"எடுத்துட்டாங்க."

கரடி குட்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தது. ஈரமாக, சில்லென்று இருந்தது. அதற்குக் கண் கலங்கியது. அப்படியே பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தது. பிறகு அதன் உதடு லேசாக அசைந்தது. ஒன்பது கிலோமீட்டர். எண்பது மில்லி. விரல்விட்டு எண்ணியது. இன்னொரு தடவை எண்ணியது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தது. முடியவில்லை. சிரைத்த முகத்தில் எதையும் ஒளிக்க முடியாது.

பூரணி அதைப் பார்த்துவிட்டது.

காலில் முள் குத்தி, டோக்கன் வாங்கி அதே வராந்தாவில் காத்திருந்தது யானை. அதுதான் அந்தக் காட்டின் போக்குவரத்து அதிகாரி. அந்த வாரம் எரிபொருள் சிக்கன வாரம். சிறந்த வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும். அன்று கடைசி நாள். படிவம் காலியாக இருந்தது. கரடி முணுமுணுத்த எண் யானையின் காதில் விழுந்தது. எதுவும் விழக்கூடிய காது அது.

"என்ன சொன்னீங்க? நூத்திப் பன்னிரண்டா?"

"நூத்திப் பன்னிரண்டரை சார்."

யானை படிவத்தை எடுத்தது. தூரம், ஒன்பது. பெட்ரோல், எண்பது மில்லி. எழுதிக்கொண்டது.

பின்னாலேயே வந்த கல்யாண வேன்காரர்கள் கேட்டில் சொன்னதைக் கேட்டிருந்த பூரணி எழுந்து வந்தது. "சார், அது ஓடி வரல. பாதி வழி எருமைங்க தள்ளிச்சு. மீதி வழி தானா உருண்டுச்சு. ஏறின நானும் என் குட்டியும் நடந்துதான் வந்து சேந்தோம்."

யானை படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. உண்மையாகவே தேடியது. "தள்ளினவங்களுக்கு இதுல கட்டம் இல்லம்மா" என்றது. "இறங்கினவங்களுக்கும் இல்ல."

அடுத்த மாதம் விழா எடுத்துக் கரடிக்குக் கேடயமும் சான்றிதழும் கொடுத்தார்கள். மாசிலாமணி முதல் வரிசையில் உட்கார்ந்து, கை தட்டுவது போல் கையை அசைத்தது.

அதற்கு முன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பூரணி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கரடியே பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"அன்னிக்கு நீ குட்டியத் தூக்கிட்டுப் போனப்ப, எனக்கு உயிரே இல்ல பூரணி."

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

கரடி பொய் சொல்லப் பார்த்தது. வரவில்லை. "நூத்திப் பன்னிரண்டு பூரணி" என்றது, ரொம்ப மெதுவாக.

பூரணிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த மொட்டை முகத்தைப் பார்த்ததும் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "சரி, கழட்டினதை எல்லாம் திரும்ப மாட்டுங்க. திங்கட்கிழமை குட்டிய ஸ்கூல்ல சேக்கணும், வண்டியை எடுங்க" என்றது.

கரடி திடுக்கிட்டது. "வண்டியையா? எடுத்தா சராசரி விழுந்துடுமே."

அதன் பிறகு அந்த வண்டியை யாரும் எடுக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் மிருகங்கள் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போயின. கரடி காடு காடாகப் போய் எரிபொருள் சிக்கனம் பற்றிச் சொற்பொழிவு செய்தது. எல்லா ஊருக்கும் பஸ்ஸில்தான் போனது. மாசிலாமணி பொறுக்க முடியாமல் தன் காரில் எஞ்சினையே கழற்றியது. அதைப் பார்த்து மான் கழற்றியது, முயல் கழற்றியது. மறுவருடம் அந்தக் காட்டில் ஒரு கார்கூட ஓடவில்லை. பெட்ரோல் செலவு ஒரு சொட்டும் இல்லை என்று யானை மேலிடத்துக்கு எழுதியது. யானைக்குப் பதவி உயர்வு வந்தது. மிருகங்கள் எல்லாம் காலையில் ரோட்டோரமாக வரிசையாக நடந்துபோயின. தங்கள் வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே போயின. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஐந்து கூட்டிச் சொன்னது.

நீதி: பேர் எடுத்த வண்டியை வெளியே எடுக்காதே.